வாசல் தாண்டாத சீர்

திண்டுக்கல்,
28-3-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை அன்னக்கொடி எழுதுவது. நானும் சோலையும் சுகம். நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள்தான் என் கடிதம் எதற்கும் பதில் போடுவதில்லையே.

முதலில் நல்ல சேதி. சோலையம்மாளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். திருமங்கலம் பக்கத்துப் பிள்ளை. ஆவணியில் முகூர்த்தம். ரேஷன் கூப்பனுக்குப் போடுகிற துணியை வைத்துக்கொண்டு கல்யாணச் சேலைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அது எப்படியோ நடக்கும். தாய்மாமன் வந்து நிற்காமல் நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியிருக்கிறது? நம் அம்மா பெயரை வைத்திருக்கிற பிள்ளைக்கு நீங்கள் வர வேண்டும் அண்ணே.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் சோலைக்குக் காது குத்த மேளதாளத்தோடு தல்லாகுளத்து வீட்டுக்குச் சீர் கொண்டுவந்தீர்கள். சோலையின் அப்பா வாசலில் வந்து நின்று, பெண்பிள்ளை காதைக் குத்துவது அடிமைக்குறி, இந்தச் சடங்கு என் வீட்டுக்குள் நுழையாது என்றார். "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டீர்கள். அவர் காலமானபோதுகூடத் தெருமுனையில் நின்று, மதினி கையில் கோடிச்சேலையைக் கொடுத்தனுப்பிவிட்டு, சுடுகாட்டுக்கு வந்து திரும்பிப் போனீர்கள். நான் உங்களைக் கண்ணால் பார்க்கவில்லை.

அந்த வாசப்படி இப்போது என்னுடையது இல்லை. அவர் கவிதைகளைப் படிக்கிறவர்கள் கூடி ஒரு மன்றம் வைத்து வீட்டைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் இங்கே வந்துவிட்டோம். அவருடைய மேஜை, பேனா, தாள்கள் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து, 'கவிஞர் அழகுமலை நினைவு இல்லம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்களாம். நான் போகவில்லை, போக மனசு வரவில்லை.

சித்திரைக்கு அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் வருவீர்களே, அப்போது ஒரு நடை உள்ளே போய் வாருங்கள். பொது இடம்தானே, உங்கள் சொல்லுக்குப் பழுது வராது. அவர் எழுதுகிற அறையில் ஜன்னல் பக்கம் ஒரு பொருள் இருக்கும். பார்த்தால் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல நினைப்பதை அது என்னைவிட நன்றாகச் சொல்லும்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
அன்னக்கொடி


பேரையூர்,
24-4-1946

தங்கச்சி அன்னக்கொடிக்கு,

அண்ணன் சுருளி எழுதியது. இங்கே நானும் உன் மதினியும் சுகம். மழைதான் இல்லை. பருத்தி இந்த வருஷம் கையைச் சுட்டுவிட்டது. பதில் போடுவதில்லை என்று குறைப்பட்டிருந்தாய். மூன்றாம் கிளாசோடு நின்றவனுக்குக் கடுதாசி எழுதுவது கிணறு வெட்டுகிற வேலை. இந்தத் தடவை வெட்டித்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னாய் என்று போனேன். அழகரைச் சேவித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் படியில் கால் வைத்தபோது உடம்பு கூசியது. திருவிழாவுக்கு வந்த கூட்டம் உள்ளே நிறைய. பால்பாண்டி என்று ஒருத்தர், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கம் சொன்னார். கவிஞர் மாப்பிள்ளையின் மேஜை, கண்ணாடி, குடை. நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன்.

எழுதுகிற அறையில் ஜன்னல் பக்கம் நீ சொன்ன பொருளைப் பார்த்தேன். நம் அப்பாவின் பித்தளைத் தாம்பாளம். 'பே. கருத்தக்கண்ணன்' என்று விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறதே, அது. அன்றைக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்த தட்டு. அந்தக் குழப்பத்தில் வாசப்படியிலேயே விட்டுவிட்டு வந்ததை உன் மதினி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். பார்த்ததும் மனசு குளிர்ந்துபோச்சு தாயி. என் தங்கச்சி இதைப் பத்திரமாக வைத்திருந்தாளே என்று நினைத்தேன்.

அப்போதுதான் பால்பாண்டி குச்சியை அந்தத் தட்டின் மேல் நீட்டினார். "இங்கன பாருங்க. காது குத்துறேன்னு ஒரு பட்டிக்காட்டுத் தாய்மாமன் சீர் கொண்டாந்த தட்டு இது. கவிஞர் வாசல்லயே மறிச்சு அம்புட்டுப் பேரையும் திருப்பி விட்டுட்டாரு. தட்டக்கூடப் போட்டுட்டு ஓடிட்டாய்ங்க. அவரு மகளுக்கு இன்ன வரைக்கும் காது குத்தலயே! கொள்கைன்னா இதுல்ல கொள்கை!"

கூட்டம் கை தட்டியது. "அந்த மாமன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்!" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சிரித்தார். அந்த மூஞ்சியை நான் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். தட்டை ஒரு தரம் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "தொடக் கூடாதுண்ணே" என்றார் பால்பாண்டி. மரியாதையாகத்தான் சொன்னார். எங்கப்பன் தட்டு, தங்கச்சி.

மாப்பிள்ளை என்னை ஒரு தரம்தான் திருப்பி அனுப்பினார். இவர்கள் வருகிற கூட்டத்துக்கெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் செத்த வீட்டுக்குப் போய் வந்தபோதே உன் மதினி சொன்னாள், பிள்ளைக்குக் காது மூளியாக இருக்கிறது என்று. அவர் கொள்கை ஜெயித்துவிட்டது, இருக்கட்டும். அதைப் பார்த்து வரவா என்னை அனுப்பினாய்?

கல்யாணத்துக்கு உன் மதினி முத்துத்தாய் வருவாள். சோலைக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

சுருளி


திண்டுக்கல்,
30-4-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்கக் கை வரவில்லை. உங்களை இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. வீட்டைக் கொடுக்கும்போது மன்றத்தார் கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னேன். பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டார்கள். விட்டதை உங்களுக்காவது சொல்கிறேன்.

அந்தத் தட்டை நீங்கள் போன பிறகு நான் உள்ளே எடுத்து வைத்தேன். மறுநாளே அது அவர் மேஜைக்குப் போய்விட்டது. எழுதி முடித்த தாள்களை அதில்தான் வைப்பார். வேறு தட்டை வைத்தால் தள்ளிவிட்டு அதைத் தேடுவார். யார் பெயர் அதில் வெட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அதைப் பார்க்கத்தான் உங்களைப் போகச் சொன்னேன்.

சோலை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், மற்றப் பிள்ளைகள் மூளிக்காது என்று கேலி செய்து, அழுதுகொண்டு வந்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆசாரியக் கூப்பிட்டுக் குத்திரு" என்றார். தன் பிள்ளை அழுததும் கொள்கையை விட்டுவிட்டார் அண்ணே. நான்தான் விடவில்லை. "எங்கண்ணன் மடியில வச்சுத்தான் எம்பிள்ள காதுல ஊசி படும். போய்க் கூட்டியாங்க" என்றேன். சோலையின் காது மூளியாக இருப்பது அவர் கொள்கையால் இல்லை. என் பிடிவாதத்தால்.

அவர் கிளம்பவும் செய்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, பேரையூர் பஸ்ஸுக்கு என்று வாசல் வரைக்கும் போவார். அங்கே கொஞ்சம் நிற்பார். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். தாளில் உலகத்திடமெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மனுஷனுக்கு நேரில் ஒரு வார்த்தை வாயில் வராது. உங்களை உள்ளே விடாத வாசப்படி அவரை வெளியே விடவில்லை.

அவர் சொன்ன கொள்கையைத் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் தலையில் சீர்த்தட்டோடு தெருவில் நிற்கிற ஆளிடம் சொல்கிற பேச்சா அது?

இப்போது சம்பந்தி வீட்டார், கல்யாணத்துக்கு முன்னால் காது குத்தி ஆக வேண்டும், நாங்களே ஆசாரியைக் கூட்டி வருகிறோம் என்கிறார்கள். தாய்மாமன் இருக்கிறார் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். "நான் மடியில உக்காந்தா மாமா கால் ஒடிஞ்சு போகும்மா" என்று சோலை சிரிக்கிறாள். சிரித்துவிட்டுக் காதைத் தடவிக்கொள்கிறாள்.

வாருங்கள் அண்ணே.

அன்னக்கொடி


திண்டுக்கல்,
5-6-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் ஆறவில்லை. அதனால் சோலையைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளம் போனேன்.

பால்பாண்டி புது ஆள், எங்களைத் தெரியாது. எல்லோரோடும் சேர்த்து எங்களுக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினார். என் வீட்டில் நான் வேடிக்கை பார்த்தேன். தட்டுக்கு வந்ததும் அதே கதையை ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. "அந்தத் தாய்மாமன் எங்கண்ணன். அந்த மக இவதான்" என்றேன். கூட்டம் முழுக்கத் திரும்பிச் சோலையின் காதைப் பார்த்தது. உங்களுக்கு எழுதியதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பால்பாண்டி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் தாயி சொன்னேன்" என்றார்.

மன்றத்துச் செயலாளர் ஓடி வந்தார். "அம்மா, நீங்கள் இப்படிப் பேசினால் கவிஞரின் பெயர் என்னாவது?" என்றார். "அவரு மனுசன்னு தெரிஞ்சா கவிதை கெட்டுப்போயிருமா?" என்று கேட்டேன். தட்டைத் திருப்பிக் கேட்டேன். மன்றத்துச் சொத்தாகிவிட்டது, முடியாது என்றார். கூடத்தில் வைத்துச் சோலைக்குக் காது குத்த இடம் கேட்டேன். கவிஞர் வீட்டில் அந்தச் சடங்கா என்று காதைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீடுதானே மன்றத்துக்குச் சொந்தம், தெரு இல்லையே. ஆனி முதல் வெள்ளிக்கிழமை, அன்றைக்கு நீங்கள் தட்டோடு நின்ற அதே இடத்தில், அந்த வாசலுக்கு நேராகச் சோலைக்குக் காது குத்தப் போகிறேன். நீங்கள் படி ஏற வேண்டாம். அன்றைக்கு நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். இந்தத் தடவை தெருவில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பேன். பால்பாண்டி எங்கள் பின்னாலேயே வந்து, "மேளம் எப்ப தாயி வருது?" என்று கேட்டார். எங்கண்ணனைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் நிற்போம். ஊசி மட்டும் படாது.

அன்னக்கொடி


பேரையூர்,
11-6-1946

தங்கச்சி அன்னக்கொடிக்கு,

உன் சித்திரைக் கடுதாசியை முத்துத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார் என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை இன்னொரு நாள்தான் படித்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை, கோபத்தில் இல்லை.

நீ கேட்காததை ஒன்று சொல்கிறேன். சித்திரைக்குச் சித்திரை அழகரைப் பார்த்துவிட்டு உன் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன். அவர் அந்தப் பக்கம் நின்றிருக்கிறார், நான் இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். நடுவில் ஒரு தெருதான் இருந்திருக்கிறது.

வாரேன். வெயில் ஏறுவதற்குள் அதே இடத்தில் வண்டி நிற்கும். அன்றைக்கு வந்த மேளக்காரர் இப்போது இல்லை. அவர் மகன் மருது வருகிறார். தோடு உன் மதினியின் பெட்டியில் இருக்கிறது. கைப்பிள்ளைக்குச் செய்தது, சின்னது. பெரிதாக்கித் தருகிறேன் என்று ஆசாரி சொன்னார், வேண்டாம் என்றேன். அன்றைக்கு ஒரு நாள் அதையே போட்டுக்கொள்ளட்டும். மாமன் கால் ஒடியாது என்று சோலையிடம் சொல்.

தட்டுக்காக இனி யாரோடும் மல்லுக்கு நிற்காதே. மாப்பிள்ளை என் சீரை வாங்கவே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு தட்டை வாங்கித்தான் இருக்கிறார். அது அவரிடமே இருக்கட்டும்.

உன் அண்ணன்,
சுருளி