கோழி அடைக்கத் தெரியாதவள்

8, திங்கள்

காற்று. பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வாய் நிறைய மணல். கொம்பனிக்கு நண்டு வரத்துக் குறைவு, அதனால் கைக்கு வேலை குறைவு, வாய்க்குத்தான் வேலை கூட.

வாங்க: தேயிலை, மெழுகுதிரி, சவர்க்காரம்.

பத்து மணிக்கு மனேஜர் சேர் நாங்கள் நண்டுச் சதை எடுக்கிற மேசைக்கே வந்துவிட்டார். கையில் கடதாசி, பேனை. லைன் லீடர் வேலைக்கு எங்களுக்குள்ளிருந்தே ஒருத்தியை எடுக்கப்போகிறார்களாம். அது றிஸ்வானாதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு வருசமாக எனக்குப் பக்கத்துக் கதிரை. ஓ.எல். சோதினை பாஸ். சேர் சிங்கள ஆள், தமிழ் கதைப்பார், வாசிக்க வராது. எங்கள் லீவுக் கடிதம் எல்லாம் றி.யைக் கூப்பிட்டுத்தான் வாசிப்பித்துக் கேட்பார்.

என்னிடம் கேட்டார்: "றிஸ்வானா எப்படி? நாப்பது பேர் பாக்க ஏலுமா?"

"ஆர், இவவோ? வீட்டில நாலு கோழியை அடைக்கத் தெரியாது, சேர். ஆரும் ஒரு சத்தம் போட்டால் கக்கூசுக்குள்ள போய் நிண்டு அழுவா."

மேசையே சிரித்தது. எல்லாரையும்விட றி.தான் கூடச் சிரித்தாள். நண்டுக் காலால் எறிந்தாள். "மச்சாள், உங்கட வாயை ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு மூடோணும்!"

எனக்கு அங்கே எல்லாரும் மச்சாள்தான். வேதக்காரர், முஸ்லிம் ஆட்கள், வயது போனவை, குமர்ப்பிள்ளைகள், வித்தியாசம் இல்லை. மச்சாள் என்றால்தானே பகிடி விடலாம்.

சேர் சிரிக்கவில்லை. எழுதினார்.

11, வியாழன்

வேலை எனக்காம். எனக்கு! "நீங்க சொன்னா எல்லாரும் கேக்குறதுதானே" என்கிறார் சேர்.

அதற்கு முதல் றி.யைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். நீங்க நல்ல வேலை, ஆனா பயந்த ஆள், உங்க பிரண்ட்தான் சொன்னது.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற வாங்கில் போய் இருந்துவிட்டாள். ஏழு வருசத்தில் முதல் தடவை. பின்னாலே போனேன். பழக்கத்தில் வாய் தானே திறந்தது. "என்ன மச்சாள், கோழி கோவமோ?"

"இல்லை, மிஸ்."

மிஸ்! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடின நான்.

12, வெள்ளி

குளிர் அறைக் கணக்குத் தாள் நிரப்பவேண்டும். எல்லாம் இங்கிலிஷ். தாளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்காமலே றி. வந்தாள், ஐந்து நிமிசத்தில் நிரப்பினாள். "இதில சைன் வையுங்கோ, மிஸ்." முகத்தில் கோபம்கூட இல்லை. கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன்.

நேரே சேரிடம் போனேன். "சேர், நான் அண்டைக்குச் சொன்னது பகிடி. அவதான் கெட்டிக்காரி."

சிரித்தார். திரும்பவும் சொன்னேன். திரும்பவும் சிரித்தார். "எனக்கு இந்த வேலை வேண்டாம், சேர்." அதற்கு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நீங்க சரியான பகிடி!"

யாரைக் குறை சொல்வது? நான் வாய் திறந்தால் சிரிக்கவேண்டும் என்று ஏழு வருசம் பழக்கியது நான்தானே.

14, ஞாயிறு

பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. மீன் குழம்புக்குப் புளி கூடிவிட்டது, இவர் தண்ணியைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

ஒரு உண்மையை இதிலாவது எழுதவேண்டும். சேர் கேட்டது பகிடிக்கான நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். பேனையைப் பார்த்தனான். ஆனால் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, மேசை முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

கக்கூசுக்குள் அழுததும் பொய் இல்லை. போன மாரியில் அவளுக்கு மூன்று மாதப் பிள்ளை கலைந்தது. தெரிந்தவர் கண்ணில் படாமல் முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டாள், லீவு கேட்டால் காரணம் சொல்லவேண்டும் என்று. என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மாமிக்காரிக்கும் தெரியாது. எனக்கு மட்டும்.

வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள். கடிதம்தான் வழி. மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறவளும் அவள்தான், இதை மட்டும் நானே எழுதவேண்டும்.

16, செவ்வாய்

முடிந்தது! இரண்டு பின்னேரம், கிழித்த தாள் ஆறு. இவர் எட்டிப் பார்த்தார்: "என்னடியப்பா, சோதினைக்கோ படிக்கிறாய்?"

இப்படி எழுதினேன்: 'றிஸ்வானா பயந்த ஆள் இல்லை. அவவுக்குப் பிள்ளை கலைந்த அடுத்த நாளும் வேலைக்கு வந்தவ. எங்கள் எல்லாருக்கும் முதல் தன் சதைத் தட்டை நிரப்பினவ. வீட்டிலும் ஒருத்தருக்கும் சொல்லாதவ. தைரியம் என்றால் அதுதான், சேர்.'

வாசித்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் சிரிப்பு வராது. சேரின் கையிலேயே கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தார். சிரிக்கவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை மனம் பஞ்சு மாதிரி.

17, புதன்

காற்று நின்றுவிட்டது. நண்டு பெட்டி பெட்டியாக.

காலையில் றி.யைச் சேரின் கந்தோருக்குள் கூப்பிட்டார்கள். கண்ணாடியால் பார்த்தேன், நின்றபடி ஏதோ தாளை வாசிக்கிறாள். சேர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆரோ லீவு கேட்டிருக்கிறார்கள் ஆக்கும் என்று நினைத்தேன். அவள் தாளை மறுபக்கம் திருப்பினபோதுதான் தெரிந்தது. இந்தக் கொப்பியில் கிழித்த தாள்.

சேருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு அது தெரியாதா?

வெளியே வந்தாள். கையுறை போட்டாள். இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மேசையின் அந்தக் கரையிலிருந்து ஒருத்தி, "என்ன மச்சாள், இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை? ஒரு பகிடி விடுங்கோவன்!"

றி. நண்டிலிருந்து கண் எடுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"முழுக்க வாசிச்சனான், மிஸ். ஒரு சொல்லும் விடேல்லை."

பிறகு, "சேர் வேலையை எனக்குத் தாறனெண்டவர். வேண்டாமெண்டிட்டன்."

தேயிலை இன்னும் வாங்கவில்லை.