மூன்றாவது துறைமுகத்தில் நான் மட்டும் இறங்கினேன்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகிறது, அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார், அவர் முகத்தில் வெளிச்சம் படாமல் மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் திட்டாதே. நாங்கள் இருவரும் நலம். காலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நலம் என்று எழுதுகிறேன், எனவே நீ நம்பலாம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கடைவாய்ப் பல் இன்னும் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் நீ என்னை இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல விடமாட்டாய், அதோடு கப்பலில் பாதிப் பேச்சு கடலோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதற்காகவே இத்தனை பக்கம் எழுதப்போகிறேன்.

நாங்கள் புறப்பட்டதற்கு முதல் நாள் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் அப்படியே இருக்கிறது. உனக்கு என்னம்மா பைத்தியமா, அப்பாவை இந்த நிலைமைல கப்பல்லயா கூட்டிக்கிட்டுப் போவாங்க, உன்னால தனியா சமாளிக்க முடியலன்னு இதுலயே தெரியுது, படிப்பை நிறுத்திட்டு வரேன், விண்ணப்பம் எழுதி வெச்சுட்டேன், மாசக் கடைசில குடுத்துடுவேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் எழுதாததற்குக் காரணம், அன்றைக்கு எழுதியிருந்தால் அழுது எழுதியிருப்பேன். உன் பெரிய அத்தை வேறு வாசலில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலில உக்காந்திருக்கற என் தம்பிய வெச்சுக்கிட்டு இவளுக்கு உல்லாசம் கேக்குது, நல்லா இருக்கு போ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள். இந்தப் பயணம் நான் கிளப்பிவிட்டது இல்லை என்பது உனக்கே தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுவதற்கு மூன்று மாதம் முன்னால், எங்கள் கல்யாணத்தின் இருபதாவது வருஷத்துக்கென்று அவரே ஆசைப்பட்டுப் பதிவு செய்தது. இரண்டு முறை தள்ளிப்போட்டோம், இந்த வருஷம் வரவில்லையென்றால் அவ்வளவுதான் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். விட்டுடலாங்க என்றுதான் நானும் சொன்னேன். அப்பா நாக்கைப் புரட்டிப் புரட்டி, கா…ல்தான் விழுந்துச்சு, கண்ணு விழல, நான் பாக்கணும் என்றார். அதற்கு மேல் யார் என்ன சொன்னால் எனக்கென்ன.

கப்பல் என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை, பதினோரு மாடிக் கட்டிடத்தைப் படுக்கப்போட்டு மிதக்கவிட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் அறை ஏழாவது தளத்தில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நாற்காலி திரும்புவதற்குச் சரியாக ஒரு கை அகலம்தான் மிச்சம். அப்பா உள்ளே நுழைந்ததுமே கண்ணாலேயே அறையை அளந்து, கட்டிலை அரையடி ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். நில அளவைக்காரர் புத்தி எங்கே போகும். அறையைத் துடைக்க வரும் அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும், பெருக்கிக்கொண்டே எல்லாருடைய கதையையும் சொல்கிறாள். அடுத்த அறையில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ரயில் கார்டு, ஐந்தாவது முறையாகக் கப்பலில் வருகிறாராம், ஒரு துறைமுகத்திலும் இறங்கியதில்லை. ஏன் சார் என்று கேட்டால், எல்லாரும் எறங்கிட்டா சாப்பாட்டு ஹால்ல வரிசையே கிடையாது மேடம், இதை விட்டுட்டு ஊர் சுத்தப் போறவங்களுக்குக் கூறு இல்ல என்கிறார். அப்பா அவருக்கு நங்கூரம் என்று பேர் வைத்துவிட்டார். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார், அந்த மனிதரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார். ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முதல் நாள் ஒத்திகை வைத்தார்களே, அதில் மட்டும்தான் நான் தடுமாறிவிட்டேன். மிதவைச் சட்டையை அப்பாவுக்கு நான் மாட்டிவிட்டேன், பதற்றத்தில் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. இதைப் போட்டா மூழ்கறது நிச்சயம் என்று அவர் சொன்னதில் வரிசையே சிரித்தது. அன்று இரவு நான்கு முறை எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். நான் பயப்படாத ஆள் என்று நினைத்துவிடாதே. பயந்துகொண்டேதான் இத்தனையும் செய்கிறேன்.

முதல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்குச் சாய்பலகை போட்டிருந்தார்கள், நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கினேன், கடைவீதி வரை போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது துறைமுகத்தில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருந்தது, சக்கரம் மாட்டிக்கொண்டு ஒரு முடிதிருத்தும் கடை முன்னால் நின்றுவிட்டது. நான் குனிந்து சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அப்பா தடியை ஊன்றி எழுந்து கடைக்குள் போய்விட்டார். மூன்றே எட்டு. இரண்டு வருஷமாக அவருக்கு முடி வெட்டுவது நான், அது எப்படி இருக்கும் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். கடைக்காரர் என்னைப் பார்த்து, சாருக்கு எப்படி வெட்டணும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, என் தலை, என்னைக் கேளுங்க என்றார். அந்த ஆள் அசரவில்லை. அப்படியா, அப்ப நிமிந்து உக்காருங்க, மொதல்ல சொல்லுங்க, போன தடவை இப்படிக் கடிச்சு வெச்சது யாரு என்றார். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். காதோர முடி எவ்வளவு நீளம் என்று அவர் திக்கித் திக்கிச் சொல்ல, கடைக்காரர் கத்தரியை நிறுத்தி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார், வாக்கியத்தை நான் முடித்து வைக்க வேண்டியே வரவில்லை. நீயும் நானும் அத்தையும் இரண்டு வருஷமாக அவர் வாக்கியங்களையெல்லாம் முடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம் சிட்டு. அங்கே நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மூன்றாவது துறைமுகம் ஆழம் போதாத இடம். கப்பல் தள்ளி நின்றுவிடும், சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும் என்பதால், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சோதனை. படகு ஏறும் இடத்தில் தரையில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரண்டு கோடு போட்டிருப்பார்கள், யாரும் தூக்கிவிடாமல் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால்தான் படகு. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. நடுக்கடலில் கழித்த இரண்டு நாளும் விடிவதற்கு முன்னால் படிக்கட்டு ஓரத்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. அறை அக்கா குளியலறைக் கால்மிதியை ஒன்றரை அடிக்கு மடித்துப் போட்டு, இதான் கடல், தாண்டுங்கண்ணே என்பாள். முப்பது தடவையில் இருபது தடவை தாண்டினார்.

இன்று காலை தாண்டவில்லை. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. இடது கால் அழகாகப் போய்விட்டது, வலது காலின் நுனி கோட்டில் இழுபட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. அங்கே நின்ற அதிகாரி சின்னப் பெண், அவளுக்கே முகம் தொங்கிப்போய்விட்டது. மன்னிச்சுடுங்க சார், படகு ஆடறப்ப இந்தக் கால் நடுவுல சிக்குச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, பின்னால் ஐம்பது பேர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் அவளோடு சண்டை பிடித்தேன், நான் தூக்கறேன், உங்களுக்கென்ன என்று கத்தினேன். அப்பாதான் என் கையைப் பிடித்து, அந்தப் பொண்ணு அளந்தது சரி, நீ போ என்றார். எங்க போறது என்றேன். படகுல என்றார். நீங்க இல்லாமலா, வேற வேலை இல்ல எனக்கு என்றேன். நான் என்ன கைக்குழந்தையா, நங்கூரத்தோட சீட்டாடப் போறேன், போய் என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து எனக்கு ஒழுங்கா சொல்லு என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு போய்விட்டார். அறைச் சாவி அவரிடம். வரிசை என்னைப் படகுக்குள் தள்ளிவிட்டது.

கரையில் கால் வைத்ததும் அடுத்த படகிலேயே திரும்பிவிடத்தான் நினைத்தேன். அடுத்த படகுக்கு அரை மணி இருந்தது, சும்மா நிற்பானேன் என்று நடந்தேன். வீடுகளுக்கு நடுவே கல்படி ஏறியது, ஏறினேன். நூற்றுக்கு மேல் இருக்கும், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சக்கரம் போகுமா என்று தரையைப் பார்க்காமல் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன் சிட்டு, அதுவும் வேகமாக, ஒரு இடத்தில் காரணமே இல்லாமல் ஓடினேன். மேலே ஒரு கொட்டகையில் நாலைந்து பெண்கள் கால் விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார்கள். கப்பல்லேர்ந்தா, தனியாவா வந்தீங்க என்று ஒருத்தி கேட்டாள். ஆமா என்றேன். வீட்டுக்காரர் எங்க என்றாள். கப்பல்ல சீட்டாடிக்கிட்டு இருக்கார் என்றேன். எல்லா ஊர் ஆம்பளைங்களும் ஒண்ணுதான் போல என்று கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லாத பேச்சைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. ஒரு ரொட்டியும் இரண்டு தக்காளியும் வாங்கிச் சுவரில் உட்கார்ந்து முழுதாகத் தின்றேன். இரண்டு மணி நேரம் அப்பாவை நினைக்கவே இல்லை. இதை அத்தையிடம் நீ சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

கடைசிப் படகில் திரும்பினால் அறை பூட்டியிருந்தது, தட்டினேன், பதில் இல்லை. சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன், ஜன்னலோரம் நங்கூரத்தின் எதிரில் உட்கார்ந்து கையில் சீட்டை விசிறி மாதிரி வைத்துக்கொண்டிருந்தார், சட்டையில் சூப் கொட்டியிருந்தது, முழங்கையில் கட்டு. என்னங்க இது என்றேன். விழுந்தேன் என்றார். குளியலறையில் விழுந்திருக்கிறார். நங்கூரம் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கப் போயிருக்கிறார், உள்ளேயிருந்து இவர், வராதீங்க, நானே எழுந்திரிக்கறேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். இருபது நிமிஷம் மேடம், கதவுக்கு வெளில நான் வேர்த்து விறுவிறுத்து நின்னேன், மத்தியானச் சாப்பாடே போச்சு என்றார் அந்த மனிதர். ஊரில் அவர் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொல்லித் தந்தபடி புரண்டு, இடது முழங்காலை ஊன்றி, தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கிறார். கப்பல் டாக்டர் பார்த்துவிட்டார், வெறும் சிராய்ப்பு. நான் திட்டவில்லை, அழவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலைக் கொட்டகையைப் பற்றியும் படிகளைப் பற்றியும் சொன்னேன், படி எத்தனை அங்குல உயரம் என்று கேட்டார், தெரியவில்லை என்றதும் என்னத்தப் பாத்த போ என்றார்.

இப்போது கேள். ஊர் திரும்பியதும் ஒன்றாம் தேதியிலிருந்து நான் பழையபடி கல்லூரி கெமிஸ்ட்ரி லேபுக்கு வேலைக்குப் போகிறேன். வருஷக் கடைசி வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்களே, வருகிறேன் என்று கரையிலிருந்தே போன் செய்து சொல்லிவிட்டேன். காலையில் நான்கு மணி நேரம் அப்பா வீட்டில் தனியாக இருப்பார். மறுபடியும் விழலாம். விழமாட்டார் என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளியலறையில் இரண்டு பக்கமும் கம்பி வைக்கப்போகிறோம், எந்த உயரத்தில் என்று அவரே குறித்து வைத்துவிட்டார். அத்தை ஊரைக் கூட்டுவார்கள், கூட்டட்டும். நீ வந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா, நீ அவருக்குச் சட்டை மாட்டுவாய், நான் ஊட்டுவேன், அத்தை வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லி அழுவார்கள், அவர் அப்படியே படுத்துவிடுவார். உன்னைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள் நான், வீட்டுக்காகப் படிப்பை விடு என்று அன்றைக்கும் ஆளாளுக்குச் சொன்னார்கள். விட்டேனா? தூங்கப்போகும்போது உனக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வர வேணாம்னு எழுது, என்னைத் தூக்கறதுக்கா அவளை மாட்டு டாக்டருக்குப் படிக்க வெச்சேன், கொஞ்சம் கோவமாவே எழுது என்றார். இதற்கு மேல் கோபமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு. மாடுகளிடம் உதை வாங்காமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு, நினைத்ததை முடித்து நல்லபடியாக நீ நிமிர்ந்து நிற்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பல் டாக்டரை இந்த வாரமே போய்ப் பார், வலி நின்றுவிட்டது என்று தள்ளிப்போடாதே. விடிந்ததும் இதைக் கப்பல் வரவேற்பறைத் தபால் பெட்டியில் போடுகிறேன், மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா