பளபளத்த போல்ட்டும் வெளியே வராத ஹைட்ரஜனும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய தொந்தியும் சுகம். அங்கே உன் ஆராய்ச்சி இரும்புத் துண்டுகளுக்கு வேளாவேளைக்குச் சூடு காட்டுகிற நீ, உனக்கும் வேளாவேளைக்குச் சமைத்துக்கொள்கிறாய் என்று தெரிந்தால் மனசு ஆறும்.

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. லிஃப்ட் மாட்டுகிற மேஸ்திரி கேட்ட கடினரக போல்ட்டுகளை முலாம்காரரிடம் கொடுத்து, துத்தநாகப் பூச்சைக் கண்ணாடி மாதிரி மினுக்கி வாங்கியிருந்தேன். நம் போல்ட் கடைக்கு வருகிறவர்கள் போல்ட்டின் முகத்தைப் பார்த்துத்தானே எடுக்கிறார்கள். அந்தப் பெருமையைச் சொன்னால் நீ பிடித்துக்கொண்டாய். ஆசிடில் கழுவும்போதும் முலாம் தொட்டியில் கிடக்கும்போதும் இரும்பு ஹைட்ரஜனைக் குடித்துவிடும், அப்புறம் ஓவனில் சூடாக்கினால் அது வெளியேற வேண்டும், பூச்சு மங்கலாக, பொடிப்பொடியாக இருந்தால் இடுக்கு வழியே போய்விடும், நெருக்கமாக வழவழவென்று இருந்தால் வழியில்லாமல் உள்ளேயே தங்கி எஃகை உடைத்துவிடும், அதுவும் முறுக்கும்போது இல்லை, முறுக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போன பிறகு என்றாய். உன் சித்தப்பா மாதிரி என்று சொல், வந்தால் கிளம்புவதே இல்லை என்று கிண்டலடித்துவிட்டு வைத்தேன்.

வைத்தேனே தவிர மனசு உறுத்தியது. முலாம்காரர் ஓவனில் சூடாக்கித் தந்த பளபளத்ததில் ஒன்றும், அதே ஓவனில் அவர் முன்பு சூடாக்கித் தந்த மங்கல் பூச்சுச் சரக்கில் ஒன்றும் எடுத்து, கடை மூலையில் கிடந்த கனத்த தகட்டில் ஒரே மாதிரி முறுக்கி விட்டேன். மறுநாள் மதியம் அப்பா கல்லாவில் கண்ணயர்ந்திருந்தார். டங்கென்று பளபளத்ததன் தலை தெறித்து வாஷர் டப்பாவில் விழுந்தது. கூரை இடிகிறது என்று மேசைக்கு அடியில் புகுந்தவரை வெளியே எடுக்க நானும் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரரும் ஆளுக்கொரு கால் பிடித்தோம். மங்கல் அசையவில்லை. ஒண்ணுதானேடி உடைஞ்சுது என்றார் அப்பா, சட்டையைத் தட்டிக்கொண்டே. மத்ததெல்லாம் உடையுதான்னு பாக்க லிஃப்டுல நீங்க ஏறி நிக்கிறீங்களா என்றேன்.

மேஸ்திரி வந்தார். அக்கா, இவ்வளவு அழகா மின்னுது, இதைப் போய் இல்லேங்கிறீங்களே, வேற யாருக்கோ பேசிட்டீங்களா என்றார். யாருக்கும் இல்ல தம்பி, இந்த மங்கலை எடுத்துட்டுப் போங்க, இல்லாட்டி எதிர்க்கடைக்குப் போங்க என்றேன். உடைந்த தலையை அவர் கையில் வைத்து, எப்படி உடைந்தது என்றும் சொன்னேன். உருட்டி உருட்டிப் பார்த்தார். மங்கலையே எடுத்துக்கொண்டு போனார், முகம் மட்டும் அதைவிட மங்கல். மினுக்கியதையெல்லாம் என் கண் முன்னால் வெட்டித்தான் பழைய இரும்பில் போட வைத்தேன். முழுசாகப் போட்டால் எவனாவது பொறுக்கித் துடைத்து விற்பான், நானே ஒரு காலத்தில் அப்படிப் பொறுக்கி விற்று வந்தவள்தானே.

நஷ்டம்தான், ஆனால் நன்றாகத் தூங்குகிறேன். முதலில் மெல்லிசாகப் பூசிச் சூடு காட்டிவிட்டு அதற்குமேல் மினுக்கினால் தப்பா என்று முலாம்காரர் கேட்கிறார், அவருக்குப் புரிகிற மாதிரி மறக்காமல் பதில் எழுது. நீ தினமும் ஏறி இறங்குகிற லிஃப்டுக்கு எந்தக் கடைக்காரி போல்ட் கொடுத்தாளோ தெரியாது. அவளுக்கும் உன்னை மாதிரி ஒரு மகள் இருந்து, அந்த மகள் சொல்வதை அவளும் கேட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீ நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
மங்கல் சரக்கு மட்டுமே விற்கும்
உன் அம்மா