கையில் துணி சுற்றிய அம்மன்

என் அஞ்சலை அண்ணிக்கு,

வருகிற மாசி வந்தால் நீங்கள் போய் ஒரு வருடம். இந்த ஒரு வருடத்தில் உங்களோடு பேசாத நாள் எனக்கு இல்லை. மலையில் கொழுந்து கிள்ளும்போது பேசுவேன், அடுப்பு ஊதும்போது பேசுவேன். ஒரே ஒரு பேச்சை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயில் சாமான் கடை இன்னமும் இருக்கிறது அண்ணி. மாரியம்மன் கோயில் பக்கவாட்டில் அதே தகரக் கூரை, தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த அதே மேசை. வெள்ளிக்கிழமை சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் திறக்கிறோம். இப்போது என்னோடு உட்காருவது மேல் லைன் வீட்டில் இருக்கும் சரசு. அவளுக்கும் சம்பளம் கிடையாது, எனக்கும் கிடையாது. அம்மனுக்குச் செய்வதற்குக் கூலி எதற்கு என்று நீங்கள் சொன்னதை நான் எல்லாரிடமும் சொல்லுகிறேன், நானே சொன்னதுபோல.

அந்தக் கடை எப்படி வந்தது என்று இளசுகளுக்குத் தெரியாது. எழுபதுகளின் நடுவில், பிறந்த ஒரு பிள்ளைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட ஒரு வில்லை கற்பூரம் இல்லாமல், அதன் அப்பன் மழையில் தானா ராத்தா டவுனுக்கு நடந்து போனான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கோயில் தலைவரிடம் போய் நின்றேன். "பொம்பளைங்க கடை போடுறதா?" என்று சிரித்தார்கள். மூன்று மாதம் கேட்டபின் அந்த மூலையைக் கொடுத்தார்கள். கற்பூரம், ஊதுபத்தி, அகல், குங்குமம், விபூதிப் பொட்டலம், மஞ்சள் கயிறு. எல்லாம் மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். இந்தப் பனியில் தீப்பெட்டி நமுத்துப் போகாமல் காப்பதே ஒரு வேலை. அப்போதெல்லாம் அது என் கடை. ஜனங்கள் "லெட்சுமி கடை" என்றுதான் சொன்னார்கள்.

பிறகு நீங்கள் என்னோடு உட்கார வந்தீர்கள். வெறுங்கையோடு வரவில்லை. துரை பங்களாவில் ஜன்னல் மாற்றியபோது தூக்கிப்போட்ட கண்ணாடிகளை அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்தான். அவன் வேலை பார்த்த ஃபேக்டரி பட்டறையில் மிஷினுக்கு அடித்து மிச்சமான பெயிண்டும் இருந்தது. அந்தக் கண்ணாடியின் பின்பக்கம் நீங்கள் ஒரு முருகனை வரைந்தீர்கள். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கண்ணையும் நகையையும் முதலில் போடவேண்டும், முகத்தின் நிறத்தைக் கடைசியில் பூசவேண்டும். தப்பினால் திருத்த முடியாது. திருப்பிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். "யாருகிட்ட கத்துக்கணும்? உடையாம புடிச்சா போதும்லா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஜனங்கள் கடைக்கு வந்தது உங்கள் படத்துக்காக. ரிங்லெட்டிலிருந்து வந்தார்கள், பிரிஞ்சாங்கில் கடை வைத்திருப்பவர்கள் வந்தார்கள். "அஞ்சலை இருக்காளா?" என்று கேட்பார்கள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் இல்லை என்று சொன்னால் கற்பூரம்கூட வாங்காமல் திரும்பிப் போவார்கள். என் வயிற்றில் அப்போது என்னவோ எரியும் அண்ணி. நீங்கள் அதைக் கவனித்தீர்களா? அதனால்தான் ஒவ்வொருவரிடமும் "கடை லெட்சுமியோடதுங்க, நான் சும்மா ஒத்தாசைக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களா? அப்படிச் சொன்னபோது எரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது.

அந்த வருடம்தான் பார்வதி செத்துப்போனாள்.

பார்வதியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ் லைனில் மாரியாயி அம்மாவின் ஒரே மகள். புல்லுக்கு மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தாள். முதுகில் பம்பு, கையில் குழாய். கிளவுஸ் கொடுக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை சுற்றிக்கொண்டு போவாள். அந்தத் துணி மருந்தில் ஊறிப் பச்சையாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது. புதன்கிழமை வாய் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரம் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து துணி மூடிக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்திரண்டு. காய்ச்சலில் போய்விட்டாள் என்று காகிதத்தில் எழுதினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும்.

நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு படங்களைச் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். ஏழும் மாரியம்மன். முகம் பார்வதியின் முகம். சூலம் பிடித்த கையிலும் குங்குமம் கொடுக்கிற கையிலும் மணிக்கட்டுவரை பச்சைத் துணி.

"அண்ணி, இது என்னா வேலை?" என்று கேட்டேன்.

"அம்மன் படம். கோயில் கடையில அம்மன் படம் விக்கக் கூடாதா?"

"கையப் பாத்தா தெரியாதா எல்லாருக்கும்?"

"தெரியட்டும்" என்றீர்கள்.

அன்றைக்கு மாரியாயி அம்மா வந்தது ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் வாங்க வந்தவர் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அழவில்லை. அந்தக் கண்ணாடியில் கைப்பக்கமாக ஒரு விரலை வைத்து, "இது எம் புள்ள கட்டுன மாதிரியே இருக்கே" என்றார். ஒரு படத்தை முந்தானையில் சுற்றி அவர் கையில் கொடுத்தீர்கள். மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு படங்கள் லைன் வீடுகளுக்குப் போய்விட்டன.

அதற்கடுத்த வாரம் மருந்து அடிக்கிற பெண்கள் ஒன்பது பேரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது பம்பைத் தூக்கவில்லை. "கிளவுஸ் குடுங்க, தூக்குறோம்" என்றார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. வேலை வாங்குகிற மண்டோர் கத்தினார், அசையவில்லை. அன்று நடந்ததை வீட்டுக்கு வந்து உங்களிடம் ஓடிச் சொன்னதே நான்தான். சிரிக்காமல், கையைக் கூப்பிக் கோயில் பக்கமாகக் கும்பிட்டீர்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் சாமான் வாங்கத் தாப்பாவுக்குப் போயிருந்தீர்கள். நான் தனியாகக் கடையில் இருந்தேன். தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்தார், கூடவே கோயில் தலைவர். மிச்சமிருந்த இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துக் கிராணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கு. யாரு வரைஞ்சது?"

"தெரியாதுங்க. யாரோ கொண்டாந்து வச்சாங்க."

"லெட்சுமி, ஒன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளின்னு சொன்னியே, மலையில ஏற முடியலன்னு. ஃபேக்டரியில ஒரு எடம் இருக்கு. கொழுந்து வாடுற அறையில, உக்காந்து பாக்குற வேலை."

தலைவர் கீழே பார்த்துக்கொண்டு, "சொல்லிடுமா. கோயிலுக்குக் கெட்ட பேரு வேணாம்" என்றார்.

தோட்டத்தில் யாருக்குத் தெரியாது நீங்கள்தான் வரைகிறீர்கள் என்று? கிராணிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் யாராவது ஒருத்தர் வாயால் சொல்லவேண்டியிருந்தது. அவ்வளவு பேரில் ஒருவரும் சொல்லவில்லை அண்ணி. மாரியாயி அம்மாவைக் கேட்டார்களாம், கடைத் தெருவில் வாங்கினேன் என்றாராம்.

"எங்க அண்ணிதாங்க" என்று சொன்னேன். அதோடு நின்றேனா? "நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல" என்றும் சேர்த்துச் சொன்னேன். மிச்சமிருந்த இரண்டு படங்களையும் நானே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் நெஞ்சுக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. கிராணி அந்தப் படத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது என் வயிற்றில் அதே எரிச்சல் வந்ததே, அது மீதிப் பாதி. நீங்கள் இல்லாவிட்டால் கடை மறுபடியும் என்னுடையது என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

சாயந்திரம் மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். மேசையைப் பார்த்தீர்கள்.

"படம் ரெண்டும் வித்துப் போச்சா?"

"ஆமா அண்ணி."

"யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"யாரும் வரல."

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு மூட்டையைப் பிரித்து ஊதுபத்திக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தீர்கள்.

பத்து நாளில் அண்ணனுக்குப் பட்டறையில் வேலை இல்லை என்றார்கள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் இடம் கிடைத்தது. லோரியில் சட்டி பானை ஏற்றும்போது லைனே வெளியில் வந்து நின்றது. உங்கள் பெட்டியை ஏற்றியது என் வீட்டுக்காரர். அடுத்த திங்கட்கிழமை அவர் ஃபேக்டரிக்குப் போனார். எதற்காக அந்த வேலை கிடைத்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாதம் கழித்துக் கிளவுஸ் வந்தது. கறுப்பு ரப்பர், முழங்கைவரை. ஒன்பது பேருக்கும் ஒன்பது ஜோடி. யாரால் வந்தது என்று யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் அதற்கப்புறம் நம் கோயில் பக்கம் வரவே இல்லை. படமும் வரையவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் காய்கறி லோரிக்காரர் கையில் எனக்கு முட்டைக்கோஸ் கொடுத்தனுப்பினீர்கள். வந்த நாளெல்லாம் அதை நறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது, மூச்சு வாங்க வாங்க, "கடை நல்லா நடக்குதா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். வெந்நீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

போன மாதம் கோலா தெர்லாவுக்குப் போனேன். அண்ணன் கொட்டகையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிராணி கேட்டது, நான் சொன்னது, கூடச் சேர்த்துச் சொன்னது, யாரும் வரவில்லை என்று பொய் சொன்னது. அவன் கை நிற்கவே இல்லை. சொல்லி முடித்தபின் நிமிர்ந்தான்.

"அவளுக்குத் தெரியும்" என்றான்.

"எப்ப இருந்து?"

"அன்னிக்கே. பஸ்ஸ விட்டு எறங்குன அன்னிக்கே. 'லெட்சுமி மூஞ்சி சரியில்ல, அவதான் சொல்லியிருக்கா, நீ ஒண்ணும் கேட்டுறாத'ன்னா. 'வேலை போனா வேற வேலை கெடைக்கும், ஒனக்கு இருக்கறது ஒரு தங்கச்சி'ன்னா."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவன் கிட்டே வரவில்லை.

"அவ மன்னிச்சுட்டா, லெட்சுமி. நான் மன்னிக்கல. மருந்துக்குக் கிளவுஸ் கேக்க வச்சவ, இங்க வந்து எட்டு வருசம் வெறுங்கையால மருந்து அடிச்சா. அந்த மருந்து அரிச்ச நெஞ்சோடதான் போனா. நீ வீட்டுக்குப் போ."

அப்படியென்றால் பத்து வருடம் நீங்கள் அந்த முட்டைக்கோஸைத் தெரிந்தேதான் கொடுத்தனுப்பினீர்களா? ஆஸ்பத்திரியில் கடையைப் பற்றிக் கேட்டது, நான் வாய் திறக்க ஒரு வழி விட்டுப் பார்த்ததா? எனக்காகக் காத்திருந்தீர்களா அண்ணி? ஒரு திட்டுத் திட்டியிருக்கலாமே. முடியைப் பிடித்து ஓர் அறை அறைந்திருக்கலாமே. உங்கள் மன்னிப்பை நான் எந்தக் கையால் வாங்குவேன்?

அண்ணன் சொன்னதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. அவனிடம் மறுபடி போய் மன்றாட மாட்டேன். அவனாக ஒருநாள் கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

ஆனால் இதை இதோடு விடமாட்டேன். பங்குனியில் திருவிழாக் கூட்டம் போடுவார்கள். அதே தலைவர்தான் இன்னும், காது மட்டும் கொஞ்சம் மந்தம். மாரியாயி அம்மாவும் மகன் வழிப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் இருப்பார். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். என் பெயர் வருகிற இடத்தில் குரலைக் குறைக்க மாட்டேன். அதற்கப்புறம் கடைச் சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொன்னால் வைத்துவிட்டுப் போவேன். இது உங்கள் மேல் ஆணை.

அண்ணன் துரத்தினாலும் உங்களை விட்டுப் போகத் தெரியாத,
உங்கள் நாத்தனார்
லெட்சுமி