காயைப் பார், பிறகு கை வை

செவ்வாய், ஜூன் 11

முதல் வகுப்பு ஆசிரியைக்கு,

மதில் ஓரத்துச் செடிகளை நாளை காவலாளி வெட்டிவிடுவார். இனி வெளியே வகுப்பு கிடையாது. வாலுவின் கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. "சித்திதான் இலையக் கன்னத்துல வச்சுப் பாக்கச் சொன்னாங்க" என்கிறாள். என் மகளாக இருந்ததால் போயிற்று. ஊரார் பிள்ளையாக இருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

தலைமையாசிரியை

புதன், ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நீ பதவியைப் போட்டு எழுதினாலும் எனக்கு அக்காதான். நேரில் வந்தால் இரண்டு பேரும் கத்துவோம், அதனால் இந்தக் காகிதம்.

தப்பு என்னுடையது, செடியுடையது இல்லை. நான் காட்டியது துத்தி. மஞ்சள் பூ, வெல்வெட் மாதிரி இலை, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் "பொசுபொசுன்னு முடி இருக்குற இலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். பக்கத்திலேயே, பட்டாலே அரித்துத் தடிக்க வைக்கும் காஞ்சொறி நின்றது. அதற்கும் முடி இருக்கிறதே! பிள்ளை அதைப் பறித்துத் தேய்த்துக்கொண்டது. அழுகை அழுகையாக வருகிறது எனக்கு.

இப்போது அவள் புல்லைக் கூடத் தொட மாட்டேன் என்கிறாள். இப்படியே விட முடியாது. எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடு.

உன் தங்கை

வியாழன், ஜூன் 13

தங்கைக்கு,

முடியாது. செடியை வெட்டியாயிற்று. சூடு பட்ட பூனை நான். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காதே. சாப்பிட்டாயா?

அக்கா

வியாழன், ஜூன் 20

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். முயலுக்கு இன்னமும் மூன்று கால்தான்.

வெளியே போகக் கூடாது என்றாய், போகவில்லை. ஒரு வாரமாகக் கரும்பலகையில் இரண்டு செடியையும் வரைந்து காட்டுகிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் காயைத் தேட வேண்டும். சக்கரம் மாதிரி காய் இருந்தால் துத்தி, அப்போதுதான் இலையைத் தொடலாம். காய் இல்லையா, பெரியவர்களைக் கேட்க வேண்டும்.

பள்ளிக்கு எதிரே காலி மனையில் துத்தி மண்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை பள்ளி நேரம் இல்லை, உன் மதிலும் இல்லை. பெற்றோர் சம்மதித்தால் கூட்டிப்போகப் போகிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதித்தான் கேட்டேன். இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி ஒருவருக்கான சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் தலைமையாசிரியை கையெழுத்து வேண்டாம், வாலுவின் அம்மா போட வேண்டும். போடாவிட்டாலும் மற்றவர்களோடு போவேன். ஆனால் அவளுக்காகத்தான் இத்தனையும்.

உன் தங்கை

வெள்ளி, ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

உன் தாளை நேற்று கிழிக்கத்தான் எடுத்தேன். வாலு விடவில்லை, கையைப் பிடித்து அந்த மனைக்கு இழுத்துப்போனாள். வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, "அம்மா, கையப் பின்னாடி கட்டிக்கோ. இப்ப துத்தி எதுன்னு சொல்லு" என்றாள்.

இருபது வருஷம் பாடம் நடத்தியவள் இல்லையா, பொசுபொசுவென்று நின்ற ஒன்றைப் பார்த்து, இதுதான் என்று கையை நீட்டினேன்.

"தொடாதம்மா, அது காஞ்சொறி" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தள்ளிப் போய்க் காயைப் பார்த்து, துத்தி இலை ஒன்றைத் தானே பறித்து, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் மேல் கோபம் மிச்சம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டுதான் நாளைக்கு வருவேன். எத்தனை மணிக்கு என்று தாளில் எழுத மறந்துவிட்டாயே.

அக்கா