பஞ்சுவின் முதுகில் சுருட்டு வாசம்

திருப்பூர்,
9-8-1971

அன்பு மகள் நூர்ஜானுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை நஜீமுதீனும் பம்பாயில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், போன இரண்டு கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், அது பொய். பஞ்சுவைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டிருந்தாய். இனியும் மறைத்தால் நானே யாரையாவது பிடித்து எழுதிப் போடுவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன் கண்ணு, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், பதறாமல் படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது பஞ்சுவை என் மடியில் வைத்து, அத்தா இந்தப் பூனைக்கு நீங்கதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு ரயிலேறினாய். நானும் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்திருந்தேன். சித்திரையிலிருந்து அதற்கு இருமல். கழுத்தை நீட்டித் தரையோடு குனிந்து இருமும், ஒன்றும் வெளியே வராது. அப்புறம் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது, மீன் வைத்தாலும் மோந்துவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு உடனே பக்கத்து வீட்டு ரங்காத்தாள் மேல் சந்தேகம். அவள் கோழிக்குஞ்சைப் பஞ்சு தூக்கியதில் அவளுக்கு மனத்தாங்கல் இருந்தது. சோற்றில் எதையோ கலந்து வைத்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டி, குழாயடியில் அத்தனை பெண்கள் நடுவில் அவளைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டேன். அவள் திருப்பி ஒரு வார்த்தை வையவில்லை. வாயில்லாத சீவனுக்கு அப்பிடிச் செய்வனுங்களா பாய், எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

போன மாதம் அவள் எருமை கன்று போட முடியாமல் கிடந்தது, காங்கேயத்திலிருந்து மாட்டு டாக்டர் திருமூர்த்தி வந்தார். வேலை முடிந்ததும் ரங்காத்தாளே அவரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, எம் மேல இருக்கிற பழி போவட்டுமுங்க, இந்தப் பூனையக் கொஞ்சம் பாருங்க என்றாள். அவர் வாயைத் திறந்து பார்த்தார், நாக்குக்கு அடியில் ஆறாத புண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு பஞ்சுவைத் தூக்கி அதன் முதுகை மோந்தார். விஷத்தைத்தான் தேடுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, ஏனுங்க, இந்த ஊட்டுக்குள்ள சுருட்டுக் குடிக்கறது யாருங்க என்று கேட்டார். அடைந்து கிடக்கிற புகை ரோமத்தில் படியுமாம், பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, படிந்ததெல்லாம் அதன் வாய்க்குள்தான் போகுமாம், மூச்சில் போவது தனி. புண்ணுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இருமலுக்கு மட்டும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றார். ரங்காத்தாள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னை வைதிருந்தால் தேவலை.

உனக்குத் தெரியாததா. ஆறுச்சாமிக் கவுண்டர் பனியன் கம்பெனியில் நூல் தூசு பறக்கிற இடத்தில் நெருப்புக்குச்சி கிழிக்கக் கூடாது, பகலெல்லாம் அடக்கிக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கு வந்தால், உன் அம்மா பிசிறு வெட்ட வாங்கி வந்த பனியன் கட்டுகள் கூடம் முழுக்க. வெள்ளைப் பனியனில் புகை வாசம் ஏறினால் கட்டோடு திருப்பிவிடுவார்கள். அதனால் உள் அறைக்குப் போய், கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, ராத்திரி இஷா தொழுகைக்குள் நாலைந்து சுருட்டுப் பிடித்துவிடுவேன். மடியில் பஞ்சு படுத்திருக்கும். முடிந்ததும் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவிவிட்டுத்தான் பனியனைத் தொடுவேன், கறை பட்டுவிடக் கூடாதே. கழுவுவதற்கு முன்னால் அந்தக் கையால்தான் பஞ்சுவைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன் கண்ணு. பனியனில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்து ஒதுக்குகிறவன், அதன் வெள்ளை முதுகு மஞ்சளாகி வந்ததை வயசாகிறது என்று நினைத்தேன். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியில் கொன்ற பெண்ணின் கதையைப் பள்ளிவாசல் பயானில் கேட்டு, இப்படியும் ஒருத்தியா என்று உச்சுக் கொட்டியவன் நான். வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை தெரியவில்லை. உன் அம்மாவின் இருமலையும் பனியன் தூசு என்றே இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். டாக்டர் போனதும், உனக்கும் இதனால்தானா என்று கேட்டேன். மாட்டு டாக்டர் சொன்னாத்தான் உங்க காதுல ஏறுமாக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அதே குழாயடிக்குப் போய் ரங்காத்தாளிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கேட்டால் போதாதா என்று மனசு இழுத்தது. ஊரறிய வைதுவிட்டு மன்னிப்பை மூலையில் கேட்பதா என்று என்னை நானே அதட்டிக்கொண்டு போனேன். உடுங்க பாய், சீம்பால் காச்சியிருக்கறன், ஏனம் குடுத்துடுங்க என்றாள். வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்துப் போனேன், விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். சுருட்டை விட்டு இன்றோடு இருபத்துமூன்று நாள். நடுவில் நாலாம் நாள் தோற்றுப்போய் ரயில்வே கேட் பக்கம் நின்று ஒன்று பிடித்தேன், அதையும் மறைக்கவில்லை. உள் அறைக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாயிற்று, முதல் தடவை அடித்ததில் மஞ்சள் மேலே தெரிந்தது. பஞ்சுவுக்குக் கஞ்சித் தண்ணீரும் மீன் சாறும் துணியில் நனைத்து விடுகிறோம். இருமல் குறைந்திருக்கிறது, புண் ஆறவில்லை. நீ வரும்வரை தாங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. இன்னமும் சாயங்காலமானால் என் மடியைத் தேடித்தான் வருகிறது.

தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். உன்னையும் பிள்ளையையும் அந்த உள் அறையில்தான் படுக்க வைப்பதாக இருந்தோம். இதையெல்லாம் படித்துவிட்டு, பம்பாயிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று நீ எழுதினாலும் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை, உன் அம்மாவை அங்கே அனுப்பி வைக்கிறேன். வருவாய் என்றால் டிக்கெட் எடுத்ததும் எழுது. தண்ணீர்க் குடம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. உன்னையும் பிறக்கப் போகிற உயிரையும் அல்லாஹ் நல்லபடியாகக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளையை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் என் கையை மோந்து பார். துளி வாசம் இருந்தாலும் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அத்தா
பசீர் அகமது