பதினோரு இடத்தில் இக்கரை

அக். 9, 1984, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. செண்பகனூர் பஸ் வரவில்லை. நடைதான். குடையில் இரண்டு கம்பி போச்சு.

ஃபாதர் கொடுத்த வேலை: பள்ளிக்கு நெப்போலியன் பாடம், ஆங்கிலத்திலிருந்து தமிழில். இன்று பெரெசினா ஆறு. ரஷ்யாவிலிருந்து தோற்றுத் திரும்பும் பிரெஞ்சுப் படை. மார்பளவு பனித்தண்ணீரில் நின்று பாலம் கட்டியவர்களில் அநேகம் பேர் அதோடு சரி. எனக்கு அறைக்குள்ளேயே கால் விறைக்கிறது. வெட்கக்கேடு.

தம்பி முத்தையா கடிதம் இன்றும் இல்லை. சிலோன் தோட்டத்தில் அவன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். இந்தியாவுக்குத் திரும்ப பாஸ்போர்ட் கையில். இன்னும் கப்பல் ஏறவில்லை.

அக். 10
'ரியர்கார்டு' = பின்காவல் படை. வேறு சொல் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஆற்றைக் கடக்கும்வரை மேட்டில் நின்று பகல் முழுக்கச் சண்டை. இருட்டியதும் அவர்களும் கடந்தார்கள்.

அன்று ராத்திரி பாலம் காலி! படையை விட்டுச் சிதறியவர்கள், பெண்கள், பிள்ளைகள், ஆயிரக்கணக்கில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தே இருந்தார்கள். கத்திக் கூப்பிட்டும் எழவில்லை. காலையில் போகலாமாம். காலையில் எதிரி நெருங்க, பாலத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

சரசுவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க தம்பியும் இப்படித்தான். மாடு கன்னு போடட்டும்னு குந்திக்கிட்டு இருக்காரே" என்றாள். தாளை மடித்து வைத்தேன்.
வெங்காயம், சீமெண்ணெய் வாங்கணும்.

அக். 12, வெள்ளி
மூடுபனி. ஃபாதர் கூப்பிட்டு, திருத்திய தாள்களைக் கொடுத்தார்.

"பதினோரு எடத்துல கரை மாறிக் கெடக்குங்க சார். படை தாண்டி வந்தாச்சு. விட்டுட்டு வந்த கரையை இன்னும் இக்கரைன்னே எழுதுறீங்க. நீங்க எந்தக் கரையில நிக்கிறீங்க?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அக்கரை என்றால் இந்தியா. இங்கே வந்து இத்தனை வருடம், புத்தி இன்னும் தாண்டவில்லை. உட்கார்ந்து பதினொன்றையும் அடித்தேன். கடைசி ஒன்றில் தாள் கிழிந்தது.

அக். 15, திங்கள்
பஸ் ஸ்டாண்டில் மாரிமுத்து. எங்களோடு கப்பலில் வந்தவர், இப்போது மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில். "மாஸ்டர், ராமேஸ்வரம் கப்பல நிப்பாட்டிட்டாங்களாம். இனி ஓடாதாம்."

தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தித் தாளில் 'உடனே வா' என்று எழுதினேன். எதில் வருவான்? கிழித்துப் போட்டேன்.

வீட்டில் சரசு ஒரே அழுகை. "அந்தப் புள்ளைகளுக்காவது வெரசா வந்திருக்கக் கூடாதா? பாவி மனுசன்."

அவன் பாவி இல்லை. மாட்டைச் சித்திரையிலேயே விற்றுவிட்டு, வரட்டுமா என்று கேட்டு எழுதினான். இங்கே பிள்ளைகளோடு நாங்களே நாலு பேர், ஒரே அறை. எட்டுப் பேர் எப்படி? தை போகட்டும், அவசரப்படாதே என்று எழுதிப் போட்டவன் நான். சரசுவிடம் மாட்டைச் சாக்குச் சொல்லிவிட்டேன்.

மறு தபாலிலேயே பதில் போட்டான். "நீங்க சொன்னா சரி அண்ணே."